பன்றியின் குருதி காட்டும் காலக்கணக்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். வெப்பவியல் வகுப்பை முடித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் தயங்கியபடி மேசையருகே வந்து நின்றான். அவன் ஊரில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, நினைவிழந்து, ஐந்தாம் நாள் இறந்துபோனாளாம். மூளைக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். பன்றிதான் அதற்குக் காரணம் என்று யாரோ சொல்ல, ஊர்க்கோடியில் பன்றி வளர்த்துப் பிழைக்கும் நான்கு குடும்பங்களை வெளியேறச் சொல்லிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம்.

"பன்றிகளைப் பார்த்தால் ஒரு நோயும் இருப்பதாகத் தெரியவில்லை, சார். கொழுகொழுவென்று இருக்கின்றன. போன வாரம்கூட ஒன்றை அறுத்துக் கறி போட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியிருக்கப் பன்றியால் காய்ச்சல் வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? பன்றிகளை ஓட்டிவிட்டால் காய்ச்சல் போய்விடுமா?"

இயற்பியல் ஆசிரியனிடம் கேட்கவேண்டிய கேள்வி அன்று இது. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, இக்கேள்வியின் நடுவே அளவீடு பற்றிய ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பது. கண்ணுக்கும் கத்திக்கும் அகப்படாத ஒன்றை, அறுக்கப்படும் விலங்கின் குருதியிலிருந்து எவ்வாறு படிப்பது? அதைத்தான் இங்கே காணப்போகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். 2009-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியபோது செய்தித்தாள்கள் 'பன்றிக் காய்ச்சல்' என்று எழுதியது ஒருவகை இன்ஃபுளுயன்சா. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சின் வழியாகத் தொற்றுவது. நாம் பேசப்போவது வேறு. இதற்கு ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று பெயர். இதை உண்டாக்கும் வைரஸ் சுமார் 50 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. அத்தகைய உருண்டைகள் இருபதாயிரத்தை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

வேலூரில் தொடங்கிய கதை

பெயரில் ஜப்பான் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1924-ஆம் ஆண்டு அந்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இந்நோய் தாக்கிற்று. அவர்களில் ஐந்தில் மூவர் மாண்டனர். 1935-இல், டோக்கியோவில் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஏந்திச் செல்வது கொசு என்பது 1938-இல் உறுதியாயிற்று. அக்கொசுவின் பெயர் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ். (ஒருமுறை தடுக்காமல் சொல்லிப் பாருங்கள்!)

இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1955-இல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் குழந்தைகள் மூளை அழற்சியோடு வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மருத்துவர்களும் புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்தினரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, காரணம் ஜப்பானிய வைரஸே என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே வேலூர்ப் பகுதிக் கொசுக்களிலிருந்து வைரஸ் பிரிக்கப்பட்டது. அதன்பின் 1973-இல் மேற்கு வங்கத்துப் பர்துவான், பாங்குரா மாவட்டங்களில் பெரிய அளவில் பரவிற்று. 1981-இல் தென் ஆர்க்காட்டில் தாக்கியது. 2005-இல் கோரக்பூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மூளைக் காய்ச்சலில் மடிந்தனர். என் மாணவனின் ஊர் அந்தப் பழைய தென் ஆர்க்காட்டைச் சேர்ந்தது.

வைரஸின் இயற்கையான இருப்பிடம் நீர்ப்பறவைகள். மடையான் என்னும் குருட்டுக் கொக்கு, உண்ணிக் கொக்கு, இராக்கொக்கு ஆகியவற்றின் குருதியில் அது பெருகுகிறது. ஆனால் அவற்றுக்குக் குறிப்பிடத்தக்க நோய் உண்டாவதில்லை. நெல்வயலில் தேங்கிய நீரில் பிறக்கும் கொசு, கொக்கைக் கடித்து வைரஸை எடுத்துக்கொள்கிறது. ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களில் வைரஸ் கொசுவின் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டுகிறது. பிறகு அது யாரைக் கடித்தாலும் வைரஸை ஊசி போடுவதுபோல் செலுத்திவிடும்.

அவ்வாறு மனிதனைக் கடித்தால்? மனிதக் குருதியில் இவ்வைரஸ் அதிகம் பெருகுவதில்லை; இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவை எட்டுவதில்லை. ஆகவே வைரஸுக்கு மனிதன் ஒரு முட்டுச்சந்து. ஆனால் அந்த முட்டுச்சந்தில் நேரும் விபத்து கொடியது. தொற்றுப் பெறுவோரில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது. அப்படி வந்தவர்களில் பத்துக்கு மூவர் வரை இறக்கின்றனர். பிழைத்தவர்களிலும் பலர் பேச்சோ நடையோ அறிவுத்திறனோ குன்றி வாழ நேர்கிறது.

மாட்டைக் கடித்தால்? மாடும் முட்டுச்சந்தே. அதன் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகும்; வைரஸ் பெருகாது. கொசுக்களுக்கு மாட்டின் மீதுதான் விருப்பம் அதிகம் என்பதால், மாடு நமக்கு ஒரு கேடயம்போல் நின்று கடிகளை வாங்கிக்கொள்கிறது.

பன்றியின் கதை வேறு. கடிபட்ட மறுநாளே அதன் குருதியில் வைரஸ் தென்படும். இரண்டு முதல் நான்கு நாள்கள் வரை, கடிக்கும் கொசுக்களுக்குத் தொற்றும் அளவில் நிறைந்திருக்கும். பிறகு எதிர்ப்பொருள் தோன்றி வைரஸைத் துடைத்துவிடும். வானொலியில் ஒலிபெருக்கிப் பகுதி செய்யும் வேலையை இங்கே பன்றி செய்கிறது. மெல்லிய குறிப்பை வாங்கிப் பேரொலியாகத் தருகிறது. கொக்குகளுக்கிடையே முணுமுணுப்பாக இருந்த வைரஸ், பன்றிகளைத் தொட்டதும் ஊர் முழுவதும் கேட்கத் தொடங்குகிறது.

இத்தனைக்கும் பன்றி நோயாளியைப்போல் தோன்றுவதில்லை! சினைப் பன்றியாக இருந்தால் கரு கலையலாம்; குட்டிகள் இறந்தோ, உலர்ந்து சுருங்கியோ பிறக்கலாம். ஆண் பன்றிக்கு மலட்டுத்தன்மை வரலாம். வளரும் பன்றியோ வழக்கம்போல் தின்று கொழுக்கிறது. என் மாணவன் கண்டது முற்றிலும் சரி.

கத்தி காணும் நோயும் காணாத நோயும்

சென்னைவாசிகளுக்கு 'ஆட்டுத்தொட்டி' என்ற சொல் பழக்கமானது. சைதாப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் மாநகராட்சி நடத்தும் இறைச்சிக்கூடங்களை மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒழுங்கான இறைச்சிக்கூடத்தில் விலங்கு இருமுறை சோதிக்கப்படுகிறது. அறுப்பதற்கு முன் உயிரோடு நிற்கையில் கால்நடை மருத்துவர் பார்ப்பது முதல் சோதனை. காய்ச்சல் உண்டா, நடை தளர்ந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். அறுத்தபின் உறுப்புகளைத் திறந்து பார்ப்பது இரண்டாவது சோதனை. இரண்டிலும் தேறினால்தான் இறைச்சியில் முத்திரை விழும்.

பன்றிகளின் வைரஸ் நோய்களில் சிலவற்றை இந்தக் கண்ணும் கத்தியுமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியப் பண்ணைகளில் நெடுநாளாக இருந்துவரும் பன்றிகளுக்கே உரிய கொள்ளைக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதனால் இறந்த பன்றியின் சிறுநீரகத்தை மூடியுள்ள சவ்வை உரித்தால், வெளிறிய பரப்பின்மேல் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் தெரியும். வான்கோழி முட்டையின் புள்ளிகளை அது நினைவூட்டும் என்று பாடநூல்கள் எழுதும். மண்ணீரலின் விளிம்பில் கருத்த திட்டுகள் இருக்கும். 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவில் காணப்பட்டு, 2022-இல் வயநாட்டுப் பண்ணைகளையும், 2023 ஜனவரியில் நம் முதுமலைக் காட்டுப் பன்றிகளையும் தாக்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் மண்ணீரல் பருத்துக் கறுத்துப்போகும். இந்த இரண்டு நோய்களும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. பன்றி வளர்ப்போரின் பிழைப்பையே அழிப்பவை. இவற்றின் வடுக்கள் ஒன்றுபோல் இருப்பதால் ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் இன்னது என்று அறுதியிட முடியாது. ஆனால் 'ஏதோ இருக்கிறது' என்று எச்சரிக்கக் கத்தி போதும்.

ஜப்பானிய வைரஸோ கத்திக்குத் தடயம் வைப்பதில்லை. சிறுநீரகம் தூய்மை; மண்ணீரல் இயல்பு; இறைச்சி நல்ல இறைச்சி. அதைச் சமைத்து உண்பதால் மூளைக் காய்ச்சல் வருவதும் இல்லை. எல்லாச் சோதனையிலும் தேறி, முத்திரை பெற்று வெளியேறும் அந்தப் பன்றி, தன் வாழ்நாளில் ஓர் நான்கு நாள் ஊருக்கே வைரஸைப் பெருக்கிக் கொடுத்திருக்கலாம். அந்நான்கு நாள்களின் கதை அதன் குருதியில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

வாத்தின் சிவப்பணுவும் குங்குமப் பொட்டும்

எழுத்தைப் படிக்கும் முறை எளிமையானது, அழகானதும்கூட. அறுக்கும்போது வழியும் குருதியில் சிறிதளவைக் குழாயில் பிடித்து உறைய விடுகிறார்கள். மேலே வைக்கோல் நிறத்தில் தெளியும் நீர்மமே சீரம். எதிர்ப்பொருள்கள் இருப்பது இதில்தான்.

பெரிய வாத்தின் சிவப்பணுக்களைத் தகுந்த அமிலநிலையுள்ள கரைசலில் கலந்து, அடி குவிந்த சிறு குழியில் விட்டால், அவை ஈர்ப்பு விசையால் மெல்லக் கீழிறங்கும். சாய்ந்த சுவரில் உருண்டு, அடிமையத்தில் ஒன்று திரண்டு, குங்குமப் பொட்டு வைத்ததுபோல் சிவந்த புள்ளியாகிவிடும். இப்போது அதே கலவையில் ஜப்பானிய வைரஸின் துகள்களைச் சேர்ப்போம். ஒவ்வொரு துகளும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சிவப்பணுக்களைப் பற்றிக்கொள்ளும். அணுக்கள் யாவும் வலைபோல் பின்னிக்கொள்ளும். வலையானது உருண்டு திரள முடியாது; குழியின் சுவர் மீது பாய் விரித்தாற்போல் படிந்துவிடும். பொட்டு வராது.

மூன்றாவதாக, வைரஸைச் சேர்ப்பதற்கு முன்பே பன்றியின் சீரத்தை அதனோடு கலந்து வைப்போம். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது வைரஸ் துகள்களை மூடிவிடும். மூடப்பட்ட துகளுக்குச் சிவப்பணுவைப் பிடிக்கக் கை இல்லை. ஆகவே அணுக்கள் பழையபடி உருண்டு பொட்டாகிவிடும். சுருங்கச் சொன்னால், பொட்டு தெரிந்தால் அந்தப் பன்றியை வைரஸ் தொட்டிருக்கிறது. பாய் தெரிந்தால் தொடவில்லை. நுண்ணோக்கிகூட வேண்டாம். கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் செயல், ஈர்ப்பு விசையின் துணையால் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது! இதைக் கேட்டபோது இயற்பியல்காரனாகிய எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

எவ்வளவு எதிர்ப்பொருள் என்று அறியச் சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று இரட்டித்து நீர்த்துக்கொண்டே போவார்கள். எந்த நீர்ப்பு வரை பொட்டு விழுகிறதோ அதுவே அளவு. (சீரத்தில் இயல்பாகவே உள்ள வேறு சில பொருள்களும் பொட்டை விழச் செய்து ஏமாற்றும். அவற்றை முன்கூட்டியே கேயோலின் என்னும் வெண்களிமண்ணால் நீக்கிவிடுவார்கள்.)

அடுத்தது இன்னும் நுட்பமானது. தொற்று நேர்ந்தவுடன் உடல் முதலில் உண்டாக்குவது பெரிய வகை எதிர்ப்பொருள். ஐந்து அலகுகள் கந்தகப் பிணைப்புகளால் கோக்கப்பட்ட மாலை போன்றது. சில வாரங்களில் இது குறைந்து, ஒற்றை அலகான சிறிய வகை அதன் இடத்தைப் பிடித்து நெடுநாள் நிற்கும். மெர்காப்டோஎத்தனால் என்றொரு நீர்மம் உண்டு. அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம் கொண்டது. அது கந்தகப் பிணைப்புகளை வெட்டி மாலையை அறுத்துவிடும். அறுந்த துண்டுகளுக்கு வலு இல்லை. சிறிய வகையோ இதனால் பாதிக்கப்படுவதில்லை. எனவே சீரத்தை இந்த நீர்மத்தில் நனைத்தபின் மீண்டும் சோதித்தால், அளவு வெகுவாக இறங்கினால் தொற்று மிகப் புதியது; இறங்காவிட்டால் பழையது. கடிகாரத்தில் மணி முள்ளும் நிமிட முள்ளும் இருப்பதுபோல், ஒரே துளிச் சீரத்தில் இரண்டு காலங்களைப் படிக்க முடிகிறது.

இன்று இதற்கு எலைசா என்னும் நிறமாற்றச் சோதனையும் வந்துவிட்டது. பன்றிகளின் புதிய எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசாப் பெட்டி ஒன்றை நம் நாட்டின் இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமே உருவாக்கி 2019-இல் வெளியிட்டது. வாத்தைத் தேடி அலையவேண்டியதில்லை.

ஏன் அறுபடும் பன்றி?

இங்கே ஒரு கேள்வி எழலாம். எதிர்ப்பொருள்தான் மாட்டிலும் உண்டாகிறதே. மாட்டின் குருதியைச் சோதித்தால் ஆகாதா? ஆகாது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். இவை எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல; கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

பிறந்த பன்றிக்குட்டிக்குத் தாயின் சீம்பால் வழியே எதிர்ப்பொருள் கிடைக்கிறது. ஏறத்தாழ மூன்று மாதத்தில் அது தேய்ந்து போவதாகக் கொள்வோம். இறைச்சிக்காக வளர்க்கும் பன்றியை ஆறு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் அறுக்கிறார்கள். ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது பாதுகாப்பின்றிக் கொசுக்களுக்கு ஆட்பட்டிருப்பது மூன்றே மாதம். மாதந்தோறும், அதுவரை தொற்றாதவற்றில் 21 விழுக்காடு தொற்றுகின்றன என்க. நூறு பன்றிகளில் தொற்றாதவை முதல் மாத முடிவில் 79. இரண்டாம் மாத முடிவில் 62 அளவில். மூன்றாம் மாத முடிவில் ஏறத்தாழ 50. கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுளைப் படித்த மாணவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. இங்கே அரை ஆயுள் மூன்று மாதம்! அறுக்குமிடத்தில் நூற்றுக்கு ஐம்பது பன்றிகளில் பொட்டு விழும். தொற்றின் வேகம் மாதம் 3 விழுக்காடாக இருந்தால், மூன்று மாதத்தில் பொட்டு விழுவது ஒன்பது பன்றிகளில் மட்டுமே. ஐம்பதுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் விளங்கும்.

இப்போது அதே ஊரில் பத்து வயது மாடுகளை எடுத்துக்கொள்வோம். அவை கொசுக்கடி வாங்கிய காலம் 120 மாதம். மாதம் 3 விழுக்காடு என்றாலே நூற்றுக்கு 97 மாடுகளில் எதிர்ப்பொருள் இருக்கும். 21 விழுக்காடு என்றால் நூற்றுக்கு நூறு. இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நிற்கும் அம்மீட்டரைப் போன்றது மாடு. பன்றியோ ஒவ்வொரு பருவத்திலும் சுழிக்குத் திரும்பும் அம்மீட்டர். பன்றி ஆண்டுக்கு இரண்டு ஈற்றில் எட்டும் பத்துமாகக் குட்டி போடுகிறது, பழையவை அறுபடுகின்றன, வைரஸை அறியாத புதிய தலைமுறை வந்து நிற்கிறது. வைரஸ் பன்றிகளிடையே கொழிப்பதற்கும் இதுவே காரணம். அறுபடும் பன்றி நமக்கு நல்ல அளவுகோலாவதற்கும் இதுவே காரணம். ஆறு மாதப் பன்றியின் குருதியில் எதிர்ப்பொருள் இருந்தால், வைரஸ் வந்தது இந்தப் பருவத்தில்தான். போன ஆண்டிலோ பத்தாண்டுக்கு முன்போ அன்று.

ஜப்பானியர் இதை நாட்டு வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். 1965 முதல் ஆண்டுதோறும் கோடையில், மாநிலம் மாநிலமாக இறைச்சிக்கூடங்களுக்கு வரும் ஐந்து முதல் எட்டு மாதப் பன்றிகளின் குருதியை இம்முறையில் சோதித்துவருகிறார்கள். வெப்பமான தெற்குப் பகுதிகளில் முதலில் பொட்டு விழத் தொடங்கும். கோடை முதிர முதிர அது வடக்கு நோக்கி நகரும். ஒரு பகுதியில் பாதிக்கு மேற்பட்ட பன்றிகளில் எதிர்ப்பொருளும், அவற்றில் புதிய வகையும் தெரிந்தால் அங்கே வைரஸ் நடமாடுகிறது என்று அறிவிப்பார்கள்.

இதனால் தெரியவந்த ஒன்று மிகவும் சிந்திக்கத்தக்கது. தடுப்பூசியின் பயனாக 1992-க்குப் பின் ஜப்பானில் மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. நோயாளிகளை மட்டும் எண்ணியிருந்தால், வைரஸ் நாட்டைவிட்டே போய்விட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். பன்றிகளின் குருதியோ கோடைதோறும் மறுத்துச் சொல்கிறது. வைரஸ் போகவில்லை; குழந்தைகளின் உடலில் அதற்குக் கதவு அடைபட்டிருக்கிறது, அவ்வளவே.

மலேசியாவில் நேர்ந்த பிழை

எதிர்ப்பொருள் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 1998-99-இல் மலேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். நம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பேராக், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் அது நடந்தது. ஈப்போ அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. சிலருடைய சீரத்தில் ஜப்பானிய வைரஸின் எதிர்ப்பொருள் இருந்தது. போதாதா? கொசுவுக்குப் புகையடித்தார்கள், மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

பொருந்தாத செய்திகள் மூன்று இருந்தன. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் பாடுபடும் வளர்ந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இங்கே பன்றியைத் தொட்டுப் பழகியவர்களே நோயுற்றார்கள், பக்கத்துத் தெருவார் தப்பினார்கள். ஜப்பானிய வைரஸால் வளரும் பன்றி நோயுறாது. இங்கே பன்றிகள் தொலைவில் கேட்கும்படி உரக்க இருமின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அதை இன்று நிப்பா என்கிறோம். அதே மாதத்தில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு அது தொற்றி ஒருவர் இறந்தார். அவர்கள் அறுத்தவை மலேசியாவிலிருந்து வந்த பன்றிகள். மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

சோதனை பொய் சொல்லவில்லை. அவர்களை என்றோ ஜப்பானிய வைரஸ் தொட்டிருந்ததும் உண்மையாக இருக்கலாம்; அல்லது முன்பு போட்ட தடுப்பூசியின் தடமாக இருக்கலாம். எதிர்ப்பொருள் 'வந்து போனது' என்று கூறும். 'இப்போது கொல்வது இதுவே' என்று அதை வாசித்ததுதான் பிழை. தவிர, டெங்கு, மேற்கு நைல் வைரஸ்கள் இதற்கு உறவினர். ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையிலும் ஓரளவு முகம் காட்டும். ஆகையால் ஐயம் வந்தால் உயிருள்ள வைரஸை எதிர்ப்பொருள் செயலிழக்கச் செய்கிறதா என்ற கடுமையான சோதனைக்கும் உட்படுத்துவார்கள்.

மாணவனுக்குச் சொன்ன பதில்

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பன்றிகள் சேற்றில் புரள்வதைச் சிறுவனாக வேடிக்கை பார்த்திருக்கிறேன். அடையாற்றுக் கழிமுகத்தில் கொக்குக்கும் பஞ்சமில்லை. தியாகராய நகரில் கொசுவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் இந்நோய் இங்கே கிராமங்களைப்போல் தலைவிரித்தாடாததற்குக் காரணம், நம்மைக் கடிப்பது சாக்கடையில் பிறக்கும் வேறு இனக் கொசு. ஜப்பானிய வைரஸின் முதன்மையான ஊர்தியோ நெல்வயல் கொசு. பன்றி, கொக்கு, வயல், கொசு என்ற நான்கும் ஓரிடத்தில் கூடவேண்டும்.

அந்தக் கூட்டல் கணக்கின் நுட்பத்தைத் தஞ்சாவூர் காட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், கொசுவோ கணக்கிலடங்காது. ஆனால் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளைச் சோதித்தபோது தொற்று மிகக் குறைவாகவே இருந்தது. அம்மாவட்டத்தில் ஒரு பன்றிக்கு நூற்றுக்கணக்கான மாடுகள் என்னும் விகிதமே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. கொசுவின் கடி பெரும்பாலும் முட்டுச்சந்தில் போய் முடிகிறது. அப்படிப் பார்த்தால் பன்றி குறைந்தால் நோய் குறையும் என்று ஊரார் நினைப்பதில் ஒரு துளி உண்மை உண்டு.

ஆனால் நான்கு குடும்பங்களை விரட்டுவது அதற்கு வழியன்று என்றேன். அவர்கள் பன்றிகளோடு அடுத்த ஊரின் வயலோரத்தில் போய்த் தங்குவார்கள். ஒலிபெருக்கி இடம் மாறும், அவ்வளவுதான். கொக்குகள் எங்கும் போகப்போவதில்லை. இறந்த சிறுமியைக் கடித்த கொசு எந்தப் பன்றியிடமிருந்து வைரஸைப் பெற்றது என்று யாராலும் சொல்ல முடியாது. செய்யத்தக்கவை வேறு உண்டு. தொழுவத்தை வீட்டுக்கும் வயலுக்கும் விலக்கிப் போட்டு, மாலையானதும் கொசு புகாத வலை கட்டலாம். வயலில் நீரை இடைவிட்டுக் கட்டி வடித்தால் கொசுப்புழு பெருகாது. வேப்பம்புண்ணாக்கை யூரியாவோடு கலந்து வயலுக்கு இட்டால் கொசுப்புழு குறைவதோடு விளைச்சலும் கூடுகிறது என்பதை அதே மதுரை மையத்தினர் தமிழ்நாட்டு வயல்களிலேயே கண்டறிந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தடுப்பூசி இருக்கிறது. 2006 முதல் இந்தியாவில் நோய் காணும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு இது இலவசமாகப் போடப்பட்டுவருகிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள் இன்னொன்று. இறந்த சிறுமி அதைப் போட்டுக்கொண்டாளா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

இதில் அந்தப் பன்றி வளர்ப்போரின் ஒத்துழைப்பு மிகவும் வேண்டியது என்பதே என் கருத்து. நம் நாட்டில் ஏறத்தாழ 90 லட்சம் பன்றிகள் இருப்பதாக 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு கூறுகிறது. தமிழ்நாட்டில் அவை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி ஒழுங்கான இறைச்சிக்கூடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. கொல்லையிலும் மரத்தடியிலும் அறுபடுகின்றன. கண்ணாலும் கத்தியாலும் பார்க்கவே மருத்துவர் இல்லாத இடத்தில் குருதியைப் பிடித்து வைக்க யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்றி அறுக்கும் அந்த நான்கு வீட்டாரே ஒரு குழாயில் குருதியைப் பிடித்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால், கார்த்திகைக் கொசு பெருகுமுன்பே ஊருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். விரட்டப்பட்டவன் குழாயைக் கொண்டுவந்து கொடுப்பானா?

பொங்கல் விடுமுறை முடிந்து மாணவன் திரும்பியபோது சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். ஊரில் எத்தனை மாடு, எத்தனை பன்றி, எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது என்று வீடுவீடாகப் போய் எழுதியிருந்தான். நான்கு குடும்பங்களும் இன்னும் அங்கேயே இருக்கிறார்களாம். கூட்டம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. கொக்கு என்று எழுதிய இடத்துக்கு எதிரே மட்டும் வெற்றிடம். எண்ணத் தொடங்கினாலே பறந்துவிடுகின்றன, சார் என்றான்.